குவார்ட்டரும் ஐம்பது கிலோ பையனும்

"பத்தாவதுதானே படிக்கிறான், என்னத்தப் பெருசாக் குடிச்சிருக்கப் போறான்" என்று நினைக்கும் வீடுகளுக்காக முதலில் ஒரு கணக்கு.

டாஸ்மாக் குவார்ட்டர் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். அளவு 180 மில்லி, ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் உள்ளே இருப்பது 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் 61 கிராம். மருத்துவத்தில் 10 கிராமை ஒரு டிரிங்க் என்று வைத்துக்கொள்வார்கள். பையன்கள் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு போகும் அந்தச் சின்ன பாட்டிலில் ஆறு டிரிங்க் இருக்கிறது.

ஆல்கஹால் உடம்பில் உள்ள தண்ணீரில்தான் பரவும், கொழுப்புக்குள் அவ்வளவாகப் போகாது. 50 கிலோ பையனுக்கு அது பரவக் கிடைக்கும் இடம் சுமார் 34 லிட்டர். வெறும் வயிற்றில் ஒரு குவார்ட்டரை மளமளவென்று முடித்தால் 100 மில்லி ரத்தத்தில் 180 மில்லிகிராம் வரை ஏறிவிடும். வண்டி ஓட்டச் சட்டம் விட்டிருக்கும் எல்லை 30. அதாவது ஆறு மடங்கு. அதே குவார்ட்டர் 80 கிலோ பெரியவருக்கு 110-ஐ ஒட்டித்தான் ஏற்றும். பெண் பிள்ளைகள் உடம்பில் தண்ணீரின் பங்கு குறைவு என்பதால் 50 கிலோ பெண்ணுக்கு 200-ஐத் தாண்டிவிடும். இத்தனை கிராமுக்கு இத்தனை என்று அச்சடித்தாற்போல் எல்லா உடம்பிலும் ஏறாதுதான். ஆனாலும் "நானும்தான் அந்த வயசுல அடிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று சொல்கிற சித்தப்பாவின் உடம்பும் இந்தப் பையனின் உடம்பும் ஒன்றில்லை என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

பாதி குவார்ட்டர், அதாவது ஒரு கட்டிங், 30 கிராம். அதுவே வண்டி எல்லைக்கு மூன்று மடங்கு. மூன்று பேர் சேர்ந்து 375 மில்லி ஆஃப் ஒன்று வாங்கினால் ஆளுக்கு 125 மில்லி, 42 கிராம்.

"பீர்தானே" என்பதுதான் எல்லாவற்றையும் விட மோசமான சமாதானம். பெரிய பாட்டில் 650 மில்லி. ஸ்ட்ராங் பீர் என்றால் ஆல்கஹால் 8 சதவீதம் வரை இருக்கும், 41 கிராம். இரண்டு ஸ்ட்ராங் பீர் ஒரு குவார்ட்டருக்கும் மேலே.

கலந்து குடிப்பதிலும் இரண்டு வம்பு உண்டு. கேஸ் உள்ள கூல் டிரிங்க்ஸ் ஆல்கஹாலை வயிற்றிலிருந்து சீக்கிரம் ரத்தத்துக்குத் தள்ளும், இனிப்பு அதன் காட்டத்தை மறைக்கும். எனர்ஜி டிரிங்க் கலந்தால் அதிலுள்ள கஃபீன் தூக்கம் வராமல் தடுக்கும். போதை குறையாது, போதை ஏறியிருப்பது மட்டும் தெரியாமல் போகும். தள்ளாட்டமும் தூக்கமும் வந்தால் பெரியவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். வளரும் மூளைக்கு அந்தத் தூக்க எச்சரிக்கை இயல்பாகவே மந்தம். நினைவைப் பதியும் பகுதியோ பெரியவர்களுக்கு இருப்பதைவிடச் சுலபமாக அடிவாங்கும். அதனால்தான் அந்த வயதுப் பையன் நன்றாகப் பேசிக்கொண்டே, நடந்துகொண்டே, அடுத்த நாள் "எப்படி வீட்டுக்கு வந்தேன்னே தெரியல" என்கிறான். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே பதிவாகியிருக்காது.

அந்த ராத்திரி

செட்டிநாட்டில் பல வீடுகளில் அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பார். வீட்டில் அம்மாவும் அப்பத்தாவும்தான். பையன் வந்து விழும்போது அவர்களுக்கு முதலில் தோன்றுவது, ஊருக்குத் தெரியக் கூடாது என்பது. இரண்டாங்கட்டிலோ மாடி அறையிலோ கிடத்திக் கதவைச் சாத்திவிடுவார்கள். "தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்." பிள்ளைகள் சாவது இந்தத் தூக்கத்தில்தான். கடைசியாகக் குடித்தது இன்னும் வயிற்றில் இருக்கும். படுத்த பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம், சாப்பிட்டிருந்தால் அதற்கும் மேல், போதை ஏறிக்கொண்டேதான் போகும்.

தூங்குகிறானா, மயங்கிக் கிடக்கிறானா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பேர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். அசையாவிட்டால் காது மடலையோ தோள்பட்டைச் சதையையோ அழுத்திக் கிள்ளுங்கள். கண்ணைத் திறந்து, உளறலாகவாவது பதில் சொன்னால் தூக்கம். கிள்ளியும் எழவில்லை என்றால் அது மயக்கம், உடனே 108.

அடுத்தது மூச்சு. கையை அவன் வயிற்றின் மேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எட்டுக்குக் கீழே இருந்தாலும், இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலும் 108. கொரகொரவென்று குறட்டை வந்தால் "நல்லாத் தூங்குறான்" என்று நிம்மதி அடையாதீர்கள். நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழாயை அடைக்கும்போதும் அதே சத்தம்தான் வரும். உதட்டின் உள்பக்கமும் நகமும் நீலம் பாய்ந்திருப்பது, உடம்பு சில்லிட்டு வேர்ப்பது, வலிப்பு, மயக்கத்தில் வாந்தி, வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடி, கூடவே ஏதாவது மாத்திரை போட்டிருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

ஒருக்களித்துப் படுக்க வைப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 45 கிலோ அம்மாவால் 60 கிலோ பையனைப் புரட்ட முடியும், முறை தெரிந்தால். பையன் மல்லாந்து கிடக்கிறான். அவனுக்கு இடப்பக்கம் மண்டியிட்டு உட்காருங்கள். அவன் இடது கையைத் தோளுக்கு நேராக நீட்டி, முழங்கையை மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வையுங்கள். வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை அவன் இடது கன்னத்தில் ஒட்டும்படி ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுடைய இன்னொரு கையால் அவன் வலது முழங்காலைத் தூக்கி, பாதம் தரையில் ஊன்றும்படி மடக்குங்கள். அந்த முழங்காலை உங்கள் பக்கம் இழுத்தால் போதும், கடப்பாரையால் நெம்பினாற்போல் உடம்பு முழுதும் உருண்டு வந்துவிடும். தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, வாய் தரையைப் பார்க்கும்படி திருப்புங்கள். வாந்தி வந்தால் அது வெளியே வழிந்து போக வேண்டும், உள்ளே இறங்கி நுரையீரலுக்குப் போகக் கூடாது. முதுகுக்குப் பின்னால் ஒரு பாயைச் சுருட்டி அண்டை கொடுத்தால் மறுபடி மல்லாந்து சரியமாட்டான். தலையில் அடிபட்டவன் என்றால் கழுத்தைத் தனியாகத் திருப்பாதீர்கள். வாந்தி வந்தால் மட்டும், இன்னொருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, தலையும் உடம்பும் ஒன்றாகத் திரும்பும்படி புரட்டுங்கள்.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வெறுமனே போடக் கூடாது. வெயில் காலத்தில் நமக்குச் சுகமாக இருக்கும் அந்தக் குளிர்ச்சி அவனுக்கு ஆகாது. ஆல்கஹால் தோலின் ரத்தக் குழாய்களை விரித்துவிடும், உடம்புச் சூடு கசிந்து போய்க்கொண்டே இருக்கும். ஜமுக்காளம் விரித்து, மேலே ஒரு போர்வை போடுங்கள்.

செய்யக் கூடாதவை எல்லாம் நம் ஊரில் கைவைத்தியமாகப் பேர் பெற்றவை. கிணற்றடியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றுவது ஏற்கெனவே இறங்கும் சூட்டை இன்னும் இறக்கும். காபி கொடுத்தால் முழிப்பான், ரத்தத்தில் உள்ள அளவு ஒரு துளி குறையாது. மோரும் எலுமிச்சையும் அப்படியே. அரை மயக்கத்தில் வாயில் எதை ஊற்றினாலும் புரையேறும். தொண்டைக்குள் விரல் விடுவது, உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது இரண்டும் ஆபத்து. உப்பு அதிகமாக உள்ளே போனால் அதுவே தனி விஷம். போதையை இறக்கக் கல்லீரலைத் தவிர வேறு மருந்து இல்லை, அதுவும் மணிக்கு 15 மில்லிகிராம் அளவுதான் இறக்கும். 180 ஏறியவனுக்குக் கணக்குப் போட்டால் 12 மணி நேரம். ராத்திரி எட்டு மணிக்குக் குடித்தவன் காலை ஏழு மணிக்கு டியூஷனுக்கு வண்டி எடுத்தால், போதை முழுதாக இறங்காமல்தான் எடுக்கிறான்.

108-ஐக் கூப்பிடும்போது இந்தப் பக்கத்து வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வரிசையாகப் பூட்டிய வீடுகள், ஆம்புலன்ஸ்காரர் வழி கேட்டால் சொல்ல ஆள் இருக்காது. எந்தத் தெரு, எந்தக் கோயில் அல்லது ஊரணிக்கு அருகில், முகப்பா பின்வாசலா என்று தெளிவாகச் சொல்லி, முகப்பு விளக்கைப் போட்டு, ஒருவரைத் தெருமுனையில் நிறுத்துங்கள். மாடியில் கிடந்தால் நீங்களாகத் தூக்கிக்கொண்டு அந்தச் செங்குத்துப் படியில் இறங்காதீர்கள். ஸ்ட்ரெச்சர் வரட்டும்.

ஆஸ்பத்திரியில் "ஃபுட் பாய்சன்" என்று மறைப்பது உயிரோடு விளையாடுவது. என்ன குடித்தான், எவ்வளவு, எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது சாப்பிட்டான், இந்த நான்கையும் சொல்லுங்கள். பாட்டில் கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள். சாப்பாட்டு நேரத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆல்கஹாலைக் கையாளும் வேலையில் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்வதை விட்டுவிடும். காலையிலிருந்து சாப்பிடாத பையனுக்கு ரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்பே வரலாம். போதை என்று நினைத்துக்கொண்டிருப்பது பாதி சர்க்கரைக் குறைவாகவும் இருக்கும். ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்துவிடுவார்கள், வீட்டில் தெரியாது.

ஆஸ்பத்திரி தேவைப்படாத நிலை என்றால், விடியும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தரம் எழுப்பிப் பேர் கேளுங்கள், மூச்சை எண்ணுங்கள். அன்றைக்குத் திட்டும் வேலை வேண்டாம். அவனுக்குக் காதில் ஏறாது, உங்கள் கவனமும் சிதறும்.

சீல் உடைந்த பாட்டில், பாக்கெட் சாராயம், எங்கே வாங்கியது என்று தெரியாத சரக்கு என்றால் வேறு கதை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். மெத்தனால் உடனே காட்டிக்கொடுக்காது. உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் கேடு தொடங்கும், அதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். பார்வை பனிமூட்டம் போல் மங்குவது, வயிற்று வலி, மூச்சு வாங்குவது வந்தால் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது. அதே சரக்கைக் குடித்த மற்ற பையன்கள் "எனக்கு ஒண்ணுமில்ல" என்றாலும் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நேரத்தில் காட்டிக்கொடுப்பதா என்று தயங்கினால் கண் போகும், உயிரும் போகும்.

மறுநாள்

காலையில் தலைவலியோடு இருப்பவனிடம் விசாரணை எடுபடாது. சாப்பிட்டு, மத்தியானத்துக்கு மேல், ஒருவர் மட்டும், வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரம். மாமாவையும் பெரியப்பாவையும் கூட்டி வைத்துக் கேட்டால் அவன் வாயை அடைத்துக்கொள்வான். "தம்பி, நேத்து என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். அடிக்கிறதுக்குக் கேக்கல" என்று தொடங்கலாம். "யார் வாங்கிக் கொடுத்தது" என்பது முதல் கேள்வியாக வேண்டாம். எவ்வளவு, என்ன கலந்து, எப்படி வீடு வந்து சேர்ந்தான், இதிலிருந்து போனால் யார் என்பது தானாக வந்துவிடும்.

ஒரு தடவைப் பழக்கமா, வேர் விட்டுவிட்டதா என்று பார்க்க மருத்துவர்கள் ஆறு விஷயம் கேட்பார்கள். குடித்தவன் ஓட்டும் வண்டியில் ஏறினானா, தானே ஓட்டினானா? மனசு லேசாக, கூட்டத்தோடு ஒட்டக் குடிக்கிறானா? தனியாகக் குடித்திருக்கிறானா? குடித்தபோது செய்தது மறந்து போயிருக்கிறதா? வீட்டாரோ சிநேகிதர்களோ குறைக்கச் சொல்லியிருக்கிறார்களா? அதனால் வம்பில் மாட்டியிருக்கிறானா? இரண்டுக்கு "ஆமாம்" வந்தால் ஆலோசனைக்குக் கூட்டிப் போகிற கட்டம். என்னைக் கேட்டால், தனியாகக் குடிக்கிறான் என்ற ஒன்றே போதும். கூட்டத்தில் குடிப்பவன் கூட்டத்துக்காகக் குடிக்கிறான். தனியாகக் குடிப்பவனுக்குள் தூக்கமின்மையோ பயமோ துக்கமோ ஏதோ ஒன்று இருக்கிறது, மருத்துவர் அதைத்தான் முதலில் தேட வேண்டும்.

தொடங்கும் வயதும் முக்கியம். அமெரிக்காவில் 1997-ல் வெளியான பெரிய ஆய்வில், 15 வயதுக்கு முன்பே தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். "வீட்டுலயே ஒரு வாய் குடுத்துப் பழக்கிட்டா வெளியில அளவா இருப்பான்" என்ற யோசனையை விட்டுவிடுங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் லாபம்.

சுவரிலும் பஸ்ஸிலும் ஒட்டியிருப்பார்களே, "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று, அந்தப் பொடியை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து அதில் இருந்தால், அதைத் தின்றது தெரியாமல் குடிக்கிறவனுக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அந்த மருந்தை மருத்துவரே கூட, அவனிடம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் தொடங்குவார்.

மாதக்கணக்காகத் தினமும் குடித்துவந்தவன் என்றால் வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். நிறுத்திய முதல் நாளே நடுக்கம் தொடங்கி, இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச மனநல உதவிக்கு 14416, மருத்துவ ஆலோசனைக்கு 104, போதை சம்பந்தமாக 14446, பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ம் உண்டு. தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதற்கு முன் பதிவுச் சான்றைக் கேளுங்கள். 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குட்பட்டவரைப் பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது, பெற்றவரோ காப்பாளரோ அவர்கள் நியமித்த ஒருவரோ கூடவே தங்க வேண்டும், சங்கிலி போடுவதும் கட்டாய மொட்டையும் குற்றம். "வேன் அனுப்பித் தூக்கிட்டு வந்துருவோம்" என்று பேசுகிற இடத்துக்குப் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

பாட்டில் வரும் வழி

டாஸ்மாக்கில் 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. ஆகவே பையன் கைக்கு வரும் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பெரியவர் கை வழியாகவோ, சட்டத்தை மீறும் கடை வழியாகவோ வருகிறது. இதைப் பேசாமல் பையனை மட்டும் திருத்துவது பாதி வேலைகூட இல்லை.

குடிக்கும் இடம் இங்கே தேட வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் வீட்டுத் திண்ணை, ஊரணிப் படி, கண்மாய்க் கரை. திண்ணையில் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் கிடந்தால் வீட்டுக்காரர் சென்னையிலிருந்தபடியே ஒரு சென்சார் விளக்குப் போடச் சொல்லலாம், வீட்டைப் பார்த்துக்கொள்பவரை ராத்திரி எட்டு மணிக்கு ஒரு நடை பார்க்கச் சொல்லலாம். வெளிச்சம் வந்தால் கூட்டம் நகரும். நகர்ந்து கண்மாய்ப் பக்கம் போகிறது என்றால் அது இன்னும் ஆபத்து என்பதையும் யோசித்துச் செய்ய வேண்டும். தண்ணீரும் போதையும் ஒன்றுசேரக் கூடாது.

நாள் பார்த்தும் வருகிறது. தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டு போன்ற நாளில் மாடுபிடிப்பவர்களுக்குப் பரிசோதனை உண்டு, பொட்டலில் வேடிக்கை பார்க்க நிற்கும் பையன்களுக்கு இல்லை. பொட்டலில் அவிழ்த்துவிட்ட கட்டுமாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத இடத்தில், வெயிலில், வெறும் வயிற்றில், ஒரு கட்டிங் போட்டவனுக்கு ஒதுங்க வேண்டிய அந்த அரை விநாடி கிடைக்காது. இன்னொரு நாள் மாலை கழற்றும் நாள். சபரிமலைக்கோ பழனிக்கோ விரதம் இருந்த குழு, நாற்பத்தெட்டு நாள் தொடாமல் இருந்துவிட்டு அன்றைக்குக் கொண்டாடும். தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், அளவு மட்டும் பழைய அளவாக இருக்கும். கூடப் போன பள்ளிக்கூடப் பையனை அன்று மாலை வீட்டில் சாப்பாட்டுக்கு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பற்றி ஒரு வரி. பதினெட்டு வயதாகாதவன் ஓட்டிப் பிடிபட்டால் 2019 திருத்தச் சட்டப்படி காப்பாளருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான். ஆனால் சட்டத்துக்குப் பயந்து ஒளிந்து ஓட்டுவதைவிட, "எந்த நேரமானாலும் போன் பண்ணு, வந்து கூட்டிட்டு வர்றேன், அன்னைக்கு ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்ற வாக்கு பையனைக் காப்பாற்றும். அப்பா வெளிநாட்டில் என்றால் நம்பிக்கையான ஆட்டோக்காரர் எண் ஒன்று அவன் போனில் இருக்கட்டும். கொடுத்த வாக்கை முதல் தடவை மீறினால் இரண்டாவது போன் வராது.

வெளிநாட்டுப் பாட்டிலையும் விடக் கூடாது. திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கும் ஒருவர் 2 லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். அது கண்ணாடி அலமாரியில் அழகுக்கு உட்கார்ந்திருக்கும். ஒரு லிட்டர் பாட்டிலில் 300 கிராமுக்கு மேல் ஆல்கஹால், ஐந்து குவார்ட்டருக்குச் சமம். பையன்கள் எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவார்கள், மட்டத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பூட்டுள்ள பீரோவுக்குள் போகட்டும், அந்தச் சாவி பொதுச் சாவிக்கொத்தில் இருக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய வாசல் விசேஷ வீடு. கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளைத் தோழர்களுக்கு என்று ஓர் அறை ஒதுக்கியிருக்கும். "டேய், ஐஸ் வாங்கிட்டு வா, சோடா எடுத்துட்டு வா" என்று ஓடவிடுவது பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களைத்தான். அந்த அறைக்குள் நுழையும் உரிமை அவனுக்குப் பெருமை. மூன்றாவது நடையில் யாராவது ஒருவர் "ஒரு சிப் அடிடா, பெரிய மனுஷனாயிட்ட" என்பார். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-ன்படி பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுப்பவருக்கு ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். மது எடுத்துவர அனுப்பினால் பிரிவு 78, அதே தண்டனை. "விளையாட்டுக்குக் கொடுத்தேன்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. இதை விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே, வீட்டில் பொறுப்பு ஏற்றிருக்கும் பெரியவர் ஒருவர் அந்தத் தோழர்களிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். முடிந்தால் அந்த அறையே வேண்டாம். முடியாவிட்டால், ஐஸ் வாங்குவதற்குப் பெரிய ஆள் ஒருவரைப் போடுங்கள், பையன்களுக்குப் பந்தி விசாரிப்பிலோ வரவேற்பிலோ வேலை கொடுங்கள்.

யாரும் கவனிக்காத நேரம் மறுநாள் காலை. முகூர்த்தம் முடிந்து எல்லோரும் பந்தியில் இருப்பார்கள். அறையில் கால், அரை என்று மிச்சம் விட்ட பாட்டில்கள் நாலைந்து கட்டிலுக்கு அடியிலும் ஜன்னல் மாடத்திலும் நிற்கும். நிறையப் பிள்ளைகளுக்கு முதல் குடி அந்த மிச்சம்தான். விலையும் இல்லை, கேட்பாரும் இல்லை. ராத்திரி அறையைப் பூட்டும்போதே ஒருவர் உள்ளே போய், மிச்சத்தை எல்லாம் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டு, காலி பாட்டில்களை எண்ணிச் சாக்கில் கட்டி, சாவியைத் தன் இடுப்பிலேயே முடிந்துகொள்ளட்டும்.